உங்களுக்கு ஏற்ற சைக்கிள் பந்தயம் எது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன்பு நண்பர்கள் ஐந்து பேர் அந்தப் பாதையில் சைக்கிளில் ஏறியபோது, எங்களில் உடல் எடை மிகுந்த ஒருவர் நான்காவது வளைவிலேயே இறங்கித் தள்ளத் தொடங்கிவிட்டார். நாங்கள் மேலே ஏரிக்கரையில் தேநீர் குடித்து முடித்து, வியர்வை காய்ந்து, குளிரத் தொடங்கிய பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார்; வந்ததும் வராததுமாக, பந்தயமெல்லாம் தமக்குச் சரிப்பட்டு வராது என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அதே ஐந்து பேரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்திலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வடகிழக்குப் பருவக்காற்று எதிரே வந்து முகத்தில் அறைந்த அந்தக் காலைப் பொழுதில், ஏற்காட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அதே நண்பர் முன்னால் சென்றார். மற்ற நால்வரும் அவருடைய முதுகுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு வந்தும், அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுகொண்டோம்.

ஒரே மாத இடைவெளியில் ஒரே மனிதர் கடைசியாகவும் முதலாகவும் வர முடிகிறதென்றால், சைக்கிள் பந்தயம் என்பது ஒரே விளையாட்டின் பெயராக இருக்க முடியாது. ஓட்டப்பந்தயம் என்ற சொல் 100 மீட்டருக்கும் மாரத்தானுக்கும் பொதுவாக இருப்பதைப் போன்றதுதான் இதுவும். மேடுபள்ளமான குறுந்தடத்தில் 40 விநாடிக்குள் முடிந்துவிடும் பி.எம்.எக்ஸ். பந்தயமும், மூன்று வாரம் நீளும் சாலைப் பந்தயமான டூர் டி பிரான்ஸும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், ஒன்றில் வெல்லும் உடலும் மனமும் மற்றொன்றில் பெரும்பாலும் எடுபடுவதில்லை. புதிதாக வருபவர் தமக்கு ஏற்றதைக் கண்டுகொள்ள, எவ்வளவு நேரம் உழைக்க முடியும், எடையும் காற்றும் தம் உடலோடு எப்படிக் கணக்குத் தீர்க்கின்றன, எந்த அச்சத்தோடு தம்மால் வாழ முடியும் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். முதலிரண்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை; ஆனால், பந்தயத்துக்கு வந்து ஒரே ஆண்டில் விட்டுவிட்டுப் போகிறவர்களில் பலர் அதனால்தான் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

நேரத்திலிருந்து தொடங்கலாம். நம் தசைகளில் விரைவாகச் சுருங்கி விரைவாகக் களைக்கும் இழைகளும், மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் இழைகளும் கலந்திருக்கின்றன. இந்தக் கலவையின் விகிதத்தில் பிறப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பயிற்சியால் அதை ஓரளவுக்கு வளைக்கலாமே தவிர, தலைகீழாக மாற்றிவிட முடியாது. இதைக் கண்டறிய ஆய்வகம் தேவையில்லை. உங்களோடு வழக்கமாகச் சைக்கிள் ஓட்டும் நான்கைந்து பேரோடு, வெவ்வேறு நாள்களில், அரை நிமிடம், ஐந்து நிமிடம், இருபது நிமிடம், மூன்று மணி நேரம் என நான்கு அளவுகளில் முழு முயற்சியோடு ஓட்டிப் பாருங்கள். ஒரு மேம்பாலத்தின் ஏற்றம் அரை நிமிடச் சோதனைக்குப் போதும். போக்குவரத்து இல்லாத விடியற்காலைச் சாலை இருபது நிமிடச் சோதனைக்குப் போதும். இதில் கவனிக்க வேண்டியது உங்கள் வேகத்தை விட, அந்தக் குழுவுக்குள் உங்கள் இடம் எப்படி மாறுகிறது என்பதைத்தான். அரை நிமிடத்தில் முதலாவதாகவும் இருபது நிமிடத்தில் நான்காவதாகவும் வருபவருக்கு ஒரு வழி. அரை நிமிடத்தில் கடைசியாக வந்து, மூன்றாவது மணி நேரத்தில் மற்றவர்கள் வாடும்போது வாடாமல் இருப்பவருக்கு வேறு வழி. வயதையும் இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்: குறுவேகத் திறன் முதலில் குறையும், தாங்குதிறன் நெடுங்காலம் நிற்கும். நாற்பது வயதில் தொடங்குபவர் நீண்ட தொலைவுகளின் பக்கம் சாய்வது இயல்பானதே.

எடை, காற்று ஆகிய இரண்டின் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்த்தால் என் நண்பரின் கதை விளங்கிவிடும். 7 சதவீதச் சரிவுள்ள மலைப்பாதையில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். சைக்கிளின் எடை 9 கிலோ. 60 கிலோ எடையுள்ளவர் புவியீர்ப்பை எதிர்த்து மேலே செல்வதற்கு மட்டும் ஏறக்குறைய 160 வாட் ஆற்றலைத் தொடர்ந்து செலுத்த வேண்டும்; 85 கிலோ எடையுள்ளவருக்கு அதே வேகத்துக்கு 215 வாட் தேவைப்படும். மலையில் ஒருவர் எத்தனை வாட் செலுத்துகிறார் என்பதைக் காட்டிலும், ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் என்பதே கணக்காகிறது. சமதளத்தில் இந்த நிலைமை மாறிவிடுகிறது. அங்கே எதிரி காற்று. காற்று எடையைப் பார்ப்பதில்லை, நாம் அதற்குக் காட்டும் முன்பக்கப் பரப்பைப் பார்க்கிறது. 60 கிலோ மனிதரை விட 85 கிலோ மனிதர் 40 சதவீதத்துக்கும் மேல் எடை கூடியவர். ஆனால், கைப்பிடியில் குனிந்து அமர்ந்தபின் அவருடைய முன்பக்கப் பரப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. பெரிய உடலில் பெரிய தசைகள் இருந்தால் மொத்த வாட் அளவும் கூடுதலாக இருக்கும். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தை வேகத்தாலேயே இருமுறை பெருக்கிய கணக்கில் ஏறுவதால், மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 40 கிலோமீட்டருக்குப் போக விரும்புபவர் காற்றுக்கென்று இரண்டு மடங்குக்கும் மேலான ஆற்றலைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவையும் கொடுக்கக்கூடியவர் எங்களில் அவர் ஒருவர்தான்.

இந்தக் காற்றுக் கணக்குதான் சாலைப் பந்தயத்தை ஒரு சூதாட்டமாகவும் சதுரங்கமாகவும் ஆக்குகிறது. முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டுபவர் அவரை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்த உழைப்பில் அதே வேகத்தில் செல்ல முடியும். பெருங்கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்கு இன்னும் மிச்சம். பெலோட்டான் எனப்படும் அந்தக் கூட்டத்துக்குள் நூறு பேர் தோளோடு தோள் உரச, ஒருவரின் சக்கரத்துக்கும் அடுத்தவரின் சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியில், ஐந்து மணி நேரம் ஓட்டுவதுதான் சாலைப் பந்தயம். இதில் வலிமையானவர் வெல்வார் என்று உறுதியில்லை. வலிமையை எப்போது செலவழிப்பது என்று அறிந்தவர் வெல்ல வாய்ப்பு அதிகம். 2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் சாலைப் பந்தயம் இதற்கு நல்ல சான்று. ஆஸ்திரியாவைச் சேர்ந்த அன்னா கீசன்ஹோஃபர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாதவர். 137 கிலோமீட்டர் பந்தயத்தின் தொடக்கத்திலேயே சிலரோடு கூட்டத்தைவிட்டு முன்னேறிச் சென்ற அவர், கடைசி 40 கிலோமீட்டரைத் தனியாகவே ஓட்டினார். யார் முன்னால் இருக்கிறார் என்பதை அணி சொல்லக் கேட்கும் வானொலிக் கருவியைக் காதில் அணிய ஒலிம்பிக்கில் வீரர்களுக்கு அனுமதியில்லை. முன்னால் சென்றவர்களையெல்லாம் பிடித்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டு, நெதர்லாந்தின் அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன் இறுதிக்கோட்டில் கைகளை உயர்த்தி வெற்றியைக் கொண்டாடினார். ஒரு நிமிடத்துக்கும் மேல் முன்னதாகவே கீசன்ஹோஃபர் தங்கத்தை வென்றுவிட்டிருந்தார்.

சாலைப் பந்தயத்துக்குள்ளும் உடல்வாகுக்கு ஏற்ற பணிகள் இருக்கின்றன என்பது தொடக்கநிலையினர் பலருக்குத் தெரிவதில்லை. டூர் டி பிரான்ஸில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம். கடைசிப் பாய்ச்சலில் வல்லவரான பிரிட்டனின் மார்க் கேவன்டிஷ் 2024இல் அங்கே தம் 35ஆவது கட்ட வெற்றியைப் பெற்று, பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் வைத்திருந்த 34 என்ற சாதனையைக் கடந்தார். அதே கேவன்டிஷ் உயர்ந்த மலைக் கட்டங்களில், தகுதிநீக்கம் ஆகாமல் குறித்த நேரத்துக்குள் வந்து சேர்வதற்கே போராட வேண்டியிருந்தது. கடைசி 200 மீட்டருக்காகவே பிறந்தவரை அங்கே கொண்டுவந்து சேர்க்க, தாம் வெல்லும் எண்ணமே இல்லாமல் நாள் முழுவதும் காற்றை மறைத்து, தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து வந்து கொடுக்கும் துணை வீரர்களும் அணியில் இருப்பார்கள். பிறருக்காக உழைப்பதில் மனநிறைவு கிடைப்பவருக்கு இந்தப் பந்தயம் பொருந்தும். கூட்டத்தில் யாரோ ஒருவருடைய கைப்பிடி உரசினாலே உடல் விறைத்துப்போகும் என்றால், கால்கள் எவ்வளவு வலிமையானவையாக இருந்தாலும் பயனில்லை. சுருக்கமான நகர வீதிச் சுற்றுகளில் நடக்கும் கிரிட்டீரியம் பந்தயத்தில் இந்த உரசல் இன்னும் கூடும். ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் மீண்டும் மீண்டும் வேகமெடுக்க வேண்டியிருப்பதால் அரை நிமிடச் சோதனையில் தேறியவர்களுக்கு அது இனிக்கும்.

கூட்டத்தை வெறுப்பவர்களுக்காகவே இருப்பது டைம் டிரையல். வீரர்களை ஒருவர் பின் ஒருவராக, பெரும்பாலும் ஒரு நிமிட இடைவெளியில், தனித்தனியே அனுப்புவார்கள். முன்னால் செல்பவரின் பின்னால் ஒளிந்துகொள்ள அனுமதியில்லை. குறைந்த நேரத்தில் முடித்தவர் வெற்றியாளர். இதில் இருபது நிமிடமும் ஒரு மணி நேரமும் வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் நிறுத்தி வைக்கத் தெரிய வேண்டும். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் டிரையல் வைத்திருந்தார்கள். அன்று காலை அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், பிரான்ஸின் லோரான் ஃபினியோனை விட மொத்த நேரத்தில் 50 விநாடி பின்தங்கியிருந்தார். லெமாண்ட் முழங்கைகளை ஊன்றி நீட்டி அமரக்கூடிய கைப்பிடியையும், பின்பக்கம் கூர்ந்த ஹெல்மெட்டையும் பயன்படுத்தினார்; ஃபினியோன் ஹெல்மெட் அணியாமல், குதிரைவால் முடி காற்றில் பறக்க ஓட்டினார். மூன்று வாரமும் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரும் ஓடிய பிறகு, லெமாண்ட் 8 விநாடி வேறுபாட்டில் பட்டத்தை வென்றார். அந்த 8 விநாடியில் குதிரைவாலுக்கு எவ்வளவு பங்கு என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள்.

டைம் டிரையலின் அச்சம் விழுவதைப் பற்றியது அன்று, தனிமையைப் பற்றியது. ஊக்குவிக்க ஆளில்லை, பதுங்கிக்கொள்ள முதுகில்லை, தோற்றால் சொல்லிக்கொள்ளச் சாக்குமில்லை. 2022 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் கிரென்ஷென் உள்ளரங்கில் இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தபோதும், அவருக்குத் துணையாக இருந்தது ஓடுதளத்தின் கறுப்புக்கோடு மட்டுமே.

அந்த உள்ளரங்கு ஓடுதளம்தான் வெலோட்ரோம். பன்னாட்டுத் தரத்தில் அதன் சுற்றளவு 250 மீட்டர். திருப்பங்களில் தரை 40 பாகைக்கும் மேல் சுவரைப் போல எழும்பி நிற்கும். அங்கே ஓட்டும் சைக்கிளுக்குக் கியர் மாற்றும் வசதியும் இல்லை, பிரேக்கும் இல்லை. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். முதன்முறை அந்தச் சரிவைக் கீழிருந்து பார்ப்பவருக்கு, அதில் வழுக்காமல் ஓட்ட முடியும் என்ற நம்பிக்கையே வராது. வேகம் குறைந்தால்தான் வழுக்கும் என்பதை உடல் ஏற்றுக்கொள்ளச் சில நாள்கள் ஆகும். ஸ்பிரின்ட் பந்தயத்தில் இருவர், யார் முதலில் போவது என்று ஒருவரையொருவர் பார்த்தபடி ஊர்ந்துசென்று, சில வேளைகளில் சைக்கிளை அசையாமல் நிறுத்தியே வைத்திருந்து, கடைசிச் சுற்றில் பாய்வார்கள். ஜப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில், முன்னால் செல்லும் மோட்டார் வண்டி வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிவிட்டு, மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது விலகிக்கொள்ளும். இந்தியாவில் 2010 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகத் தில்லியில் உள்ளரங்கு வெலோட்ரோம் ஒன்று கட்டப்பட்டது. அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து வந்த எசோ ஆல்பன் 2018இல் உலக இளையோர் போட்டியில் கெய்ரினில் வெள்ளி வென்றார். ஆனால், ஓடுதளம் எட்டும் தொலைவில் இல்லாதவர் இந்தப் பிரிவை வெறும் ஆசையால் தேர்ந்தெடுக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாலையே வேண்டாம் என்பவர்களுக்கு மலையும் மண்ணும் இருக்கின்றன. 1976இல் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், டமல்பாய்ஸ் மலைக்கு அருகே, நண்பர்கள் சிலர் தடித்த டயர் பொருத்திய பழைய கனத்த சைக்கிள்களில் காட்டுப்பாதை ஒன்றில் இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் வகை பிரேக் அந்தச் சைக்கிள்களில் இருந்தது. ஒருமுறை கீழே இறங்கி முடிப்பதற்குள் சக்கரக் குடத்திலிருந்த கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துபோய்விடும். மறுபடி இறங்குவதற்கு முன்னால் புதிய கிரீஸை அடைக்க வேண்டும். திரும்ப அடைப்பது என்ற பொருளில் அந்தப் பந்தயத்துக்கு ரீபேக் என்றே பெயர் வந்தது. இன்றைய டவுன்ஹில் பந்தயம் அந்தக் குழந்தையின் வளர்ந்த வடிவம்: மூன்று முதல் ஐந்து நிமிடம், கீழ்நோக்கி மட்டும், கற்களுக்கும் வேர்களுக்கும் இடையே. ஏற்றமும் இறக்கமும் கலந்த கிராஸ் கன்ட்ரி வகை 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நுரையீரல் கிழிய உழைக்க வேண்டும். சாலையில் பிறரின் தவற்றால் விழுவோம் என்ற அச்சம் அதிகம். மலையில் பெரும்பாலும் நம் தவற்றாலேயே விழுவோம். இந்த இரண்டாம் வகை விழுதலைப் பொறுத்துக்கொள்ள முடிகிறவர்கள் மவுண்டன் பைக்கில் நீடிக்கிறார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. சரளைக்கல் இறக்கத்தில் என் விரல்கள் தாமாகவே பிரேக்கைப் பிடித்துவிடுகின்றன.

இதன் உறவினர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெல்ஜியத்தில் குளிர்காலத்தில் பெருங்கூட்டத்தை ஈர்க்கும் சைக்ளோகிராஸில், நடவு வயலைப் போன்ற சேற்றில் ஒரு மணி நேரம் ஓட்டி, ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். பி.எம்.எக்ஸ். பந்தயத்தில் எட்டுப் பேர் மேட்டிலிருந்து ஒன்றாகப் பாய்ந்து, மேடுபள்ளமான 400 மீட்டருக்கும் குறைவான தடத்தைக் கடப்பார்கள். இதைச் சிறுவயதிலேயே தொடங்குவது நல்லது.

எஞ்சியிருப்பது நெடுந்தொலைவு. குறித்த நேரத்துக்குள் நெடுந்தொலைவை முடிக்க வேண்டிய, பி.ஆர்.எம். எனப்படும் ஓட்டங்களைப் பந்தயம் என்று அதன் விதிகளே ஒப்புக்கொள்வதில்லை, தரவரிசை கிடையாது. 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்திலும், 300ஐ 20 மணி நேரத்திலும், 400ஐ 27 மணி நேரத்திலும், 600ஐ 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். பஞ்சர் ஆனாலும் செயின் அறுந்தாலும் நாமே சரிசெய்துகொள்ள வேண்டும். இரவில் விளக்கும் ஒளிரும் மேலங்கியும் கட்டாயம். சென்னையிலும் கோவையிலும் இந்த ஓட்டங்கள் ஆண்டுதோறும் நடைபெறுவதால், தமிழ்நாட்டில் தொடங்குபவருக்கு மிக எளிதில் எட்டக்கூடிய வாசல் இதுவே. வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு, அதிகாலை மூன்று மணிக்குத் திறந்திருக்கும் நெடுஞ்சாலைத் தேநீர்க் கடையில் கண்ணயர்ந்து, எழுந்து, மீண்டும் மிதிப்பதில் சிலருக்குக் கிடைக்கும் நிறைவு வேறெந்தப் பந்தயத்திலும் கிடைப்பதில்லை. அவர்களுடைய கனவு, 1891இல் தொடங்கி இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்: 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். இங்கே வேகத்தை விட வயிறும், இருக்கையில் அமரும் தோலும், தூக்கமும் முக்கியம். இருட்டில் தனியாக ஓட்டும் அச்சம் உள்ளவர்கள் 200 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். அதைப் பெரும்பாலும் பகலிலேயே முடித்துவிட முடியும்.

ஒருமுறை தேர்ந்தெடுத்தால் வாழ்நாள் முழுவதற்கும் என்று யாரும் கட்டுப்படுத்தவில்லை. பிரான்ஸின் போலின் ஃபெரான்-பிரேவோ 2015இல் சாலை, சைக்ளோகிராஸ், கிராஸ் கன்ட்ரி மூன்றிலும் ஒரே நேரத்தில் உலகப் பட்டங்களை வைத்திருந்தார். 2024இல் மவுண்டன் பைக் பிரிவில் ஒலிம்பிக் தங்கம் வென்றுவிட்டுச் சாலைக்குத் திரும்பி, 2025இல் பெண்கள் டூர் டி பிரான்ஸை வென்றார். டோக்கியோவில் டைம் டிரையல் தங்கம் வென்ற ஸ்லோவேனியாவின் பிரிமோஷ் ரோக்லிச், இளவயதில் பனிச்சறுக்குத் தாண்டும் வீரராக இருந்து, இருபது வயதைத் தாண்டிய பிறகே சைக்கிளுக்கு வந்தவர். ஆகவே, ஒரு பருவத்தில் இரண்டு மூன்று வகைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில் இழப்பு எதுவுமில்லை. ஒவ்வொன்றும் முடிந்த மறுநாள் காலையில், எந்த இடத்தில் வந்தோம் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த ஓட்டம் எப்போது என்று மனம் கேட்கிறதா என்று மட்டும் கவனித்தால் போதும்.

பந்தய சைக்கிள் வாங்குவது இவை எல்லாவற்றுக்கும் பிறகு வரும் வேலை. மேலே சொன்ன நான்கு சோதனைகளையும் நல்ல பிரேக் உள்ள எந்தச் சைக்கிளிலும் செய்துவிடலாம். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளிலும் செய்யலாம். முதல் 200 கிலோமீட்டர் ஓட்டத்தை, சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஹைப்ரிட் சைக்கிளில் முடித்தவர்கள் நிறையப் பேர். பன்னாட்டு விதிப்படி சாலைப் பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. அந்த எல்லையை எட்டுவதற்காக ஒரு கிலோவைக் குறைக்கக் கடையில் கேட்கும் தொகை, ஒரு முழு சைக்கிளின் விலையையே தாண்டிவிடும். அதற்கு முன்னால், கால் நீளத்தை அளந்து, நமக்குச் சரியான அளவுள்ள ஃபிரேமைத் தேர்ந்து, பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையின் உயரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். என் நண்பர் இதைத்தான் முதலில் செய்தார். இப்போது அவர் டைம் டிரையல் மட்டும் ஓட்டுகிறார். ஏற்காட்டுக்கு எங்களோடு வரும்போது காரில்தான் வருகிறார்.